பூட்டிக் கிடந்த வீடும் குடிவந்தவர்களும்

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது வெடித்துக் கொதித்து எழுப்பும் ஆவிக்குத் தனி மணம் உண்டு. மூக்கை லேசாக எரிக்கும், ஆனாலும் விலகிப்போகத் தோன்றாது. செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்தில் இன்று எங்காவது ஒரு பழைய சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றால் அந்த மணம் தெருமுனை வரைக்கும் வந்துவிடுகிறது. வரும்போது பழைய வருஷங்களையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. டிஸ்டெம்பரும் எமல்ஷனும் பிளாஸ்டிக் வாளிகளில் வந்து இறங்காத காலத்தில், செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் இந்த மணம் தெருவெல்லாம் எழுந்தது பொங்கலுக்கு முந்தைய நாட்களில்தான். தை பிறந்து மாடுகளும் ஊரைச் சுற்றி ஓடி முடித்துவிட்டால் அடுத்த ஆண்டு வரைக்கும் தொட்டி கவிழ்ந்தே கிடக்கும். இடையில் எப்போதாவது ஆடியிலோ ஐப்பசியிலோ அந்த மணம் வந்தால், தெருவில் இருந்தவர்களுக்குக் காரணம் கேட்காமலே தெரிந்துவிடும். நெடுநாள் பூட்டிக் கிடந்த ஏதோ ஒரு வீட்டுக்கு யாரோ குடிவருகிறார்கள்.

அப்படிக் குடிவந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். மாற்றலாகி வந்த ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர், கூட்டுறவுச் சங்க எழுத்தர், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் வரும் பருவத்தை நம்பிப் பிழைத்தவர்கள். அரசு ஊழியருக்குத் தரும் வீட்டு வாடகைப்படி ஊரின் தரத்துக்கேற்பக் குறைந்துகொண்டே வரும். சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, இதுபோன்ற ஊருக்கு எல்லாவற்றிலும் கீழே ஒன்று. அந்தப் படிக்குள் அடங்குகிற வீடு தேட விளம்பரப் பலகையும் கிடையாது, தரகரும் கிடையாது. டீக்கடையில் சொல்லிவைப்பார்கள். மளிகைக் கடைக்காரரிடமும் தபால்காரரிடமும் சொல்லிவைப்பார்கள். நல்ல நிலையில் இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் முதலில் ஊரைக் கேட்பார், பிறகு தகப்பனார் பெயரைக் கேட்பார், பிறகு கறி சமைப்பீர்களா என்பார். கேட்க நினைத்தது வேறு என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கேள்விகளில் தோற்றவர்களுக்கும், தோற்காவிட்டாலும் கையில் அட்வான்ஸ் இல்லாதவர்களுக்கும் கடைசியில் மிஞ்சியது, ஓடு சரிந்து வாசலில் எருக்கு முளைத்த பூட்டிய வீடுதான்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கமான பேச்சு உண்டு. சாவியை வைத்திருப்பது உரிமையாளரின் வயதான அத்தையோ, பக்கத்து வீட்டுப் பங்காளியோ. "வாடகை பெருசில்லீங்க சார், வீட்ல வெளக்கு எரிஞ்சாப் போதும்" என்பார்கள். குடிவருபவர் ஓடு மாற்றிக்கொள்ளலாம், கிணற்றைத் தூர்வாரிக்கொள்ளலாம், கதவுக்குத் தச்சரைக் கூப்பிடலாம். ஆன செலவை மாதாமாதம் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வெள்ளை அடித்தால் அந்த மாத வாடகை இல்லை. பத்திரம் கிடையாது. சாட்சி அந்தத் திண்ணைதான். இந்த ஏற்பாட்டை ஏழைக் குடித்தனக்காரர் மீது காட்டிய கருணை என்றே இன்றுவரை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அந்த நினைவு பாதிதான் சரி என்பது என் கருத்து. குறைந்த வாடகை கொடுத்தவர் தன் உழைப்பையும் கைக்காசையும் இன்னொருவருடைய சொத்தில் போட்டார், அந்தச் சொத்து விழாமல் நின்றது. அது கருணை மட்டுமல்ல, ஒரு நியாயமான வியாபாரம். வியாபாரம் என்று ஒப்புக்கொண்டு எழுதி வைக்காமல் போனதால்தான் அந்த வழக்கம் அழிந்தது. இன்று பூட்டிய வீடுகள் ஒரு பக்கமும், வாடகைக்கு வீடு கிடைக்காத குடும்பங்கள் இன்னொரு பக்கமுமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆள் இல்லாத வீடு தானாகவே விழும் என்பதைப் பலர் பழமொழி போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எப்படி விழுகிறது என்று பார்த்தால்தான் குடியிருப்பவர் செய்யும் வேலையின் மதிப்பு தெரியும். இந்தப் பக்கத்து நாட்டு ஓட்டு வீட்டுக்குச் சுவர் மண்ணோ செங்கல்லோ, மேலே பனைவாரை, அதன் மேல் மூங்கிலோ ரீப்பரோ, அதற்கும் மேலே ஓடு. ஓட்டை எதுவும் பிடித்து வைத்திருப்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தன் எடையில் நிற்கிறது. ஒரு பூனை ஓடினால் நகரும். செஞ்சி மலைப்பக்கத்துக் குரங்குக் கூட்டம் ஒருமுறை கடந்து போனால் பத்து இடத்தில் நகரும். ஆள் இருக்கும் வீட்டில் முதல் மழையின் முதல் சொட்டு தரையில் விழுந்ததுமே அண்ணாந்து பார்ப்பார்கள், மறுநாள் ஏணி வரும். ஆள் இல்லாத வீட்டில் அதே சொட்டு வாரையின் மேல் மாதக்கணக்கில் இறங்கும். நனைந்த மரத்தைக் கரையான் தேடி வரும். வாரை தொய்ந்தால் ஓட்டு வரிசை முழுவதும் இடம்விட்டுத் தண்ணீர் சுவரின் தலையில் இறங்கும். மண் சுவர் வெயிலைத் தாங்கும், தரையோரத்து ஈரத்தைக்கூட ஓரளவு தாங்கும். தலையில் இறங்கும் தண்ணீரை மட்டும் அதனால் தாங்க முடியாது. விறகடுப்பு எரிந்த காலத்தில் கூரைக்குள் படிந்த புகைக்கரி பூச்சிகளை ஓரளவு ஒதுக்கி வைத்தது. அடுப்பு அணைந்த வீட்டில் அந்தக் காவலும் போய்விடும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது விழுப்புரம் மாவட்டம் இதைக் கண்ணால் கண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்த அளவு மழைக்கு எந்தக் கூரையும் ஒழுகும். ஆனால் ஒழுகுவது வேறு, உட்கார்ந்துவிடுவது வேறு. ஒழுகிய வீட்டில் பாத்திரம் வைத்து, தார்ப்பாய் போர்த்தி, மழை விட்டதும் ஓடு மாற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கணக்கில் குடித்தனக்காரர் என்று பெயர். செய்யும் வேலையோ காவலும் பராமரிப்பும். ஒரு தோட்டத்துக்கோ மாந்தோப்புக்கோ காவலாள் வைத்தால் மாதச் சம்பளம் கொடுக்கிறோம். வீட்டுக்குக் காவலாக இருப்பவரிடம் மட்டும் வாடகையும் வாங்கி, குறைவாக வாங்கியதாகச் சொல்லியும் காட்டுகிறோம்.

பூட்டிய கட்டடத்தை மழை மட்டும் தின்பதில்லை, மனிதர்களும் எடுத்துப் போவார்கள். இதற்குச் சாட்சி தேடிச் செஞ்சிக்காரர்கள் வெகுதூரம் போகவேண்டாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்த கோட்டை. 1677இல் சிவாஜி பிடித்தது, 1690களில் ராஜாராமை உள்ளே வைத்து முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டது, 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் கைப்பற்றியது. வெங்கடரமணர் கோயிலின் உயர்ந்த கல்தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரிக்குப் போயின. இன்று அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சித் தூண்களே. கருங்கல் தூணுக்கே அந்தக் கதி என்றால், தேக்குக் கதவுக்கும் பர்மா தேக்குத் தூணுக்கும் சொல்லவேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கதவும் நிலையும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போன கதையை நாடே அறியும். இங்கே வீடுகள் சிறியவை, கதை அதேதான். முதலில் கொல்லைக் கதவு போகும், பிறகு ஜன்னல் கம்பி, பிறகு கிணற்று ராட்டினம்.

வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு ஊர்ப்பக்கம் கிடைக்கும் முதல் பதில், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள் என்பது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. போனவர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கலாமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 2.46 கோடி வீடுகளும் கட்டடங்களும் காலியாக இருந்தன. அதில் ஒரு கோடிக்கு மேல் நகர்ப்புறத்தில். அதே காலத்தில் வாடகை வீடு குறைந்துகொண்டே வந்தது. இந்திய நகரங்களில் வாடகைக் குடியிருப்பின் பங்கு 1961இல் 54 சதவீதமாக இருந்து 2011இல் 28 சதவீதமாக இறங்கியதாக மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது. தெளிவில்லாத சொத்துரிமை, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் செய்யும் வழி பலவீனமாக இருப்பது, வாடகையால் வரும் குறைந்த வருமானம் என்று அது காட்டும் காரணங்கள் நகரங்களைப் பற்றியவை. ஆனால் அனந்தபுரம் போன்ற பேரூராட்சிக்கும் வரி வரியாகப் பொருந்துகின்றன. தாத்தா பெயரில் இருக்கும் வீட்டுக்கு இன்று எட்டுப் பங்காளிகள். பெண்களுக்கும் பங்கு வந்ததால்தான் இந்தச் சிக்கல் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. அண்ணன் தம்பி நான்கு பேர் மட்டுமே இருந்த வீடுகளும் அதற்கு முன்பே பாகம் பிரியாமல் பூட்டிக் கிடந்தன. பாகம் பிரிப்பதைத் தள்ளிப்போடும் பழக்கம்தான் நோய், பங்கு கேட்பவர் யார் என்பது அல்ல.

இன்னொரு காரணம் பயம். குடித்தனக்காரர் போகமாட்டார், வீடு கைவிட்டுப் போகும் என்ற பயம். இதை வீட்டுக்காரர்களின் பேராசை என்று ஒதுக்குவது நியாயமில்லை, அதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தின் வழியில் வந்தது. நியாய வாடகையை நீதிமன்றம் நிர்ணயிக்கலாம், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே ஒருவரைக் காலி செய்ய வைக்கலாம் என்று அது சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது, ஐம்பது ரூபாய் வாடகையில் தலைமுறை கடந்தவர்களின் கதைகள் பரவின. அந்தச் சட்டம் முதன்மையாகச் சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் உரியது. கதைகளுக்கு அந்த எல்லை கிடையாது. செஞ்சிச் சந்தைக்கு வெள்ளிக்கிழமை ஆடு ஓட்டி வந்தவர் வழியாகக்கூட அவை கிராமத்துக்கு வந்து சேர்ந்தன. வீடு இடிந்தாலும் மண்ணாவது மிஞ்சும் என்று நினைத்துப் பூட்டியவர்கள் அப்போது உருவானார்கள்.

அந்தப் பயத்துக்கு இன்று பதில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்டு எழுதுவது என்பதே அதன் அடிப்படை. பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம் என்று ஊரில் அடிக்கடி சொல்வார்கள். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் அந்தப் பன்னிரண்டு ஆண்டு உண்டு. ஆனால் அது உரிமையாளரை மறுத்து, அவருக்கு எதிராகத் தன்னுடையது என்று அனுபவிப்பவரைப் பற்றியது. வாடகைக்கு என்று ஒப்புக்கொண்டு நுழைந்தவர் அந்த வாடகை உறவு நீடிக்கும்வரை, தன்னை உள்ளே விட்டவருக்கு உரிமையே இல்லை என்று வாதாட முடியாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. எனவே உரிமையாளருக்கு ஆபத்து எழுதிக் கொடுப்பதில் இல்லை, எழுதாமல் சாவி கொடுப்பதில்தான் இருக்கிறது. வாய்மொழியாக "இருந்துக்கப்பா" என்று விட்ட வீட்டில், இருபது ஆண்டு கழித்து அவர் யார், எந்த உரிமையில் வந்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

எழுதுகிறார்களே, பதினொரு மாத ஒப்பந்தம் எல்லா இடத்திலும் இருக்கிறதே என்று கேட்கலாம். பாழடைந்த வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பதினொரு மாதம்தான் தடை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினொரு மாதம் என்பது வழக்கமாகிப் போனது. நல்ல வீட்டுக்கு அதனால் குறையில்லை. ஓட்டைக் கூரை வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய வீட்டுக்கு ஓடு, வாரை, கதவு, கழிப்பறை எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். குடிவருபவர் அதைப் போட்டு, வாடகையில் பாதியைக் கழித்து வந்தால் போட்ட பணம் திரும்ப நாற்பது மாதம் ஆகும். பதினொரு மாதத்தில் கழிவது 16,500 மட்டுமே. மீதி 43,500 ரூபாயை வீட்டுக்காரரின் நல்ல மனதை நம்பித்தான் அவர் சுவரில் பூசுகிறார். நல்ல மனதுகள் இருந்தன, இருக்கின்றன. ஆனால் வீடு பளிச்சென்று ஆனதும் சென்னையிலிருந்து மகன் வந்து பார்த்து, "இவ்வளவு நல்ல வீட்டை இந்த வாடகைக்கா விட்டீங்க?" என்று கேட்டு, அடுத்த தையில் காலி செய்யச் சொன்ன கதைகள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒன்று உண்டு. பழைய வழக்கத்தைக் கொன்றவை அந்தக் கதைகள். அதைப் பார்த்த அடுத்த குடித்தனக்காரர் ஓடு மாற்றவில்லை, பாத்திரம் வைத்து மழையைக் கடத்தினார். அதைப் பார்த்த வீட்டுக்காரர், குடித்தனம் வைத்தால் வீடு பாழ் என்று பூட்டினார். இருவரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள்.

சட்டம் இதில் குடித்தனக்காரரை வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தான் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை உரிமையாளர் அறிவிப்புக்குப் பின்னும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து அந்தச் செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. திண்ணையில் பேசிய வழக்கத்துக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்து வடிவம் இருந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையும் வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னல் வர்ணம், குழாய் மாற்றுவது, மின்கம்பி எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷரும் சாக்கடை அடைப்பும் குடியிருப்பவர் பக்கம். இருவரும் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை இதுதான் பங்கீடு. ஆகவே பாழ்வீட்டை எடுப்பவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி உரிமையாளருடைய கடனை அவர் அடைப்பதாகும். வாடகையைப் பேசும்போது இதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வசதியில்லாதவர் தலையில் ஏன் பாழ்வீட்டைக் கட்டவேண்டும்? நல்ல வீடு கேட்கும் உரிமை அவருக்கு இல்லையா? 2015இல் வெளியான ஓர் ஆய்வில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகை வீடு தேடுவோரின் பெயர் மாறும்போது பதில் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவுகள் தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மூடின, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை என்று ஒருக்களித்து நின்றன. சிற்றூரில் அதை ஆய்வு நடத்திக் கேட்டறிய வேண்டியதில்லை, தெருவின் பெயரே சொல்லிவிடும். பாழ்வீடு பலருக்குத் தேர்வாக இருக்கவில்லை, மிச்சமாகத்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டுப் பழைய வீட்டின் அழகைப் பேசுவது பொய். ஆனால் இந்த ஆட்சேபம் எழுத்து ஒப்பந்தத்துக்கான தேவையைக் கூட்டுகிறதே தவிர குறைக்கவில்லை. வேறு வீடு கிடைக்காதவரைத்தான் எளிதாக வெளியேற்றலாம். அவர் போட்ட பணம்தான் எளிதாகக் கணக்கில்லாமல் போகும். கதவுகள் திறக்கும் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். அதுவரை இன்று குடியிருப்பவரின் அறுபதாயிரத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தள்ளிப்போட முடியாது.

எல்லாப் பாழ்வீட்டையும் எடுக்கலாம் என்றும் சொல்லவில்லை. ஓடு போவது, பூச்சு உதிர்வது, தரை பெயர்வது எல்லாம் கூலியும் பொருளும் போட்டால் தீரும். சுவர் தூக்குக்குண்டுக்கு விலகிச் சாய்ந்திருந்தாலோ, மூலையில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விரிந்துகொண்டே போனாலோ, உத்திரத்தைக் கத்தி முனையால் குத்தினால் மாவு போல இறங்கினாலோ, அந்த வீட்டில் குழந்தைகளோடு படுக்கக் கூடாது, வாடகை இல்லாமல் கொடுத்தாலும் கூடாது. பழைய கொத்தனார்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்ப்பதற்கு முன் மேலே பார்ப்பார்கள். வாரை சுவரில் உட்காரும் முனை நனைந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பிறகு கிணறு, பிறகு கழிப்பறைக் குழி, பிறகு மின் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பது. ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலியில் முடிகிற இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இன்றும் அதிகம்.

இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டினால் இரண்டு குடித்தனம் வைக்கலாமே என்பது அடுத்த வாதம். பணமும் பாகப்பிரிவினையும் இருப்பவருக்கு அது சரியான வழிதான். மற்றவர்களுக்கு நடப்பது வேறு. இடிக்கவும் பணமில்லை, கட்டவும் பணமில்லை, ஆகவே கூரையின் ஒரு பக்கம் தகரம், மண் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு என்று ஒப்பேற்றுகிறார்கள். இதில் சிமெண்ட் பூச்சு மண் சுவருக்குச் செய்யும் கெடுதி பலருக்குத் தெரிவதில்லை. சுண்ணாம்புக் காரை உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு விடாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கி மண்ணைக் கரைக்கும். வெளியே வழவழப்பாக இருக்கும் சுவர் ஒருநாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போதுதான் உள்ளே எதுவும் இல்லை என்று தெரியும். தொட்டியில் கொதித்து எழுந்த சுண்ணாம்பு சுவரில் ஏறியபின் காற்றிலிருந்து கரிவளியை மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன என்பது உண்மையான இடர்ப்பாடு. ஆனால் அடியோடு இல்லாமல் போகவில்லை. புதுச்சேரியில் இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பு ஐரோப்பிய உதவியோடும் நகராட்சியின் துணையோடும் வைசியாள் வீதியின் தமிழ் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. திண்ணையும் தாழ்வாரமும் ஓடும் சேர்ந்து மீண்டும் ஒரு தெருவாகின. செஞ்சியிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவுக்குள் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது போதுமான சான்று.

உலகத்தில் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் 2023ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் காலி வீடுகள், மொத்தத்தில் 13.8 சதவீதம். பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட, கிராமத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே உள்ளாட்சிகளே காலி வீடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, வாடகைக்கோ விலைக்கோ தேடுவோரையும் உரிமையாளரையும் சேர்த்து வைக்கின்றன. ஆபத்தான நிலையில் போட்டு வைப்பவருக்கு வீட்டுமனைக்கான வரிச் சலுகையை நிறுத்தவும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஜப்பானில் மக்கள்தொகையே குறைகிறது, நம் கதை வேறு என்று சொல்லலாம். அப்படியானால் நமக்கு இது இன்னும் சுலபம். அங்கே வீடு இருக்கிறது, ஆளில்லை. இங்கே இரண்டும் இருக்கின்றன. பேரூராட்சி அலுவலகத்தின் சொத்துவரிப் பதிவேட்டில் வீடுகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. எது பூட்டியிருக்கிறது என்பது வரி கேட்டுப் போகிற ஊழியருக்கு மனப்பாடம். உரிமையாளர் சம்மதித்தால் அந்த வீட்டை ஒரு பலகையில் எழுதிப் போடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

இப்போது இதைப் பேச அவசரக் காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பன்னிரண்டு கோட்டைகளின் தொகுப்பில் தமிழ்நாட்டின் ஒரே கோட்டையாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பார்க்க வருபவர்கள் பெருகினால் தங்கும் விடுதிக்கும் கடைக்கும் இடம் தேடுவார்கள். அதன் அழுத்தம் செஞ்சியோடு நிற்காமல் சுற்றியுள்ள ஊர்களின் வாடகையிலும் தெரியும். பூட்டிய வீட்டுக்குத் திடீரென்று மதிப்பு வரும் நேரத்தில், அதைப் பத்து ஆண்டு விழாமல் பார்த்துக்கொண்டவர் கையில் காகிதம் இல்லாவிட்டால் முதலில் வெளியேறுபவர் அவர்தான்.

பாகம் பிரியாத வீட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வியோடு இந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எட்டுப் பேரும் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். வாடகையை எல்லோருக்கும் பொதுவான ஒரு வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம், வீட்டு வரியை அதிலிருந்தே கட்டலாம். ஒப்பந்தம் மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ, பதிவு செய்ததாக இருக்கட்டும். நுழையும் நாளில் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து இணைக்கட்டும். செய்யவேண்டிய வேலை, அதன் மதிப்பீடு, மாதம் எவ்வளவு கழிப்பது, இடையில் காலி செய்யச் சொன்னால் கழியாத மீதியைத் திருப்பித் தருவது என்ற நான்கும் அதில் இருந்தால், பின்னால் பாகப்பிரிவினை வரும்போது யாருக்கும் அது இடைஞ்சலாக இருக்காது. வாடகைக் கணக்கும் வரி ரசீதும் எட்டுப் பேர் பெயருக்கும் சான்றாக இருக்கும். ஒப்பந்தம் ஆவணிக்குள் முடிந்துவிட்டால் இன்னும் நல்லது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்குவதற்கு முன் ஓட்டைப் பிரித்து, நனைந்த வாரையை மாற்றி, மறுபடி வேய ஒரு மாதமாவது வேண்டும்.